செம்பியின் இடது முன்னங்கால்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
12-6-1979

பிலோமின்ராஜ் அவர்களுக்குச் சலோமி எழுதுவது.

குதிரைக்குக் கால் ஒடிந்துவிட்டது. நேற்றுக் காலை பத்து மணிக்கு, கீழவாஞ்சூர் போகிற வழியில், மதகின் இரண்டு கல்லுக்கு நடுவில் இடது முன்னங்கால் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து பாரம் தள்ளியதில் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. தோல் கிழியவில்லை. எலும்பு வெளியே வரவில்லை. வண்டியில் எட்டு மூட்டை தவிடுதான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள்.

என் கடைக்கு வண்டி ஓட்டுகிற பஞ்சநாதன் வேட்டியைக் கிழித்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பீர் மைதீன் பாயின் மரவாடி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பஞ்சநாதன் இல்லையென்றால் மதகிலேயே கதை முடிந்திருக்கும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். “குதிரைக்குக் கால் போனா அவ்வளவுதாம்மா. வலியோட நிக்கவச்சிப் பாக்குறது பாவம். ஊசி போட்டுடலாம்” என்றார். நல்ல மனுஷர், மனதில் பட்டதைச் சொன்னார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கிண்டியில் பந்தயக் குதிரை லாயத்தில் இருப்பதாகவும், கத்தி வைக்காமலே குதிரைக்குக் கால் கட்டி நடக்க விடுவதாகவும் பாய்தான் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவர் உங்களை மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். நேற்றுத்தான் வாயைத் திறக்கிறார்.

உங்களை வரச் சொல்லி எழுதவில்லை. செய்ய வேண்டியதை எழுதிக் கொடுங்கள், போதும். நானும் பஞ்சநாதனும் பார்த்துக்கொள்வோம். பாய் இன்று பஸ்ஸில் மெட்ராஸ் வருகிறார், பதிலை அவர் கையிலேயே கொடுங்கள்.

நீங்கள் விட்டுப்போன குதிரைக்கு இத்தனை வருஷம் நான் ஏன் தீனி போட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அது செத்துப்போனால் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது.

அங்கே உங்களுக்குச் சோறு போட ஆள் இருக்கும். அதனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

சலோமி
தவிடு புண்ணாக்குக் கடை, தருமபுரம் ரோடு


கிண்டி, சென்னை
13-6-1979

அன்புள்ள சலோமிக்கு,

ஊசி போட விடாதே.

படுக்கவும் விடாதே. படுத்தால் எழுந்திருக்கும்போது மிச்சமும் முறியும். பாயின் மரவாடியில் சங்கிலிக் கப்பி இருக்கிறது. கொட்டகை உத்தரத்தில் அதை மாட்டச் சொல். நான் போட்ட பனை உத்தரம், தாங்கும். நான்கு சாக்கை இரட்டையாக மடித்துத் தைத்து அவள் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள். தொங்கவிடக் கூடாது. குளம்பு நான்கும் தரையைத் தொட வேண்டும், களைத்தால் சாய்ந்துகொள்ள மட்டும்தான் சாக்கு.

எலும்பைச் சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குளம்பைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக, விடாமல். மற்றவர் முன்பக்க எலும்பை விரலால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். முறிந்த இடத்தில் ஒரு படி மாதிரித் தட்டும். அது மறைந்து வழவழப்பாகிற வரைக்கும் இழுக்கச் சொல். விரல் வைக்கிற வேலையை நீயே செய். தவிட்டில் உமி கலந்திருந்தால் தடவியே சொல்லுகிற விரல் அது. வேறு யாரையும் நம்பாதே.

பிறகு பஞ்சைத் தடிமனாகச் சுற்றி, முழங்காலுக்கு மேலே ஒரு சாணில் தொடங்கிக் கீழே வரை நான்கு மூங்கில் பத்தை. குளம்பையும் சேர்த்துக் கட்ட வேண்டும். எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். குளம்பின் பின்பக்கத்துக்குக் கீழே மூன்று விரல் உயர மரக்கட்டை. முட்டையின் வெள்ளைக் கருவில் உளுந்து மாவைக் குழைத்து, துணி நாடாவை அதில் நனைத்து ஏழு சுற்று. காய்கிறவரை ஒரு ஆள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தினமும் கட்டில் மூக்கை வைத்துப் பார், அழுகல் வாடை வரக்கூடாது. வலது முன்னங்குளம்பைத் தொட்டுப் பார், சூடு ஏறக்கூடாது. குதிரையைக் கொல்வது ஒடிந்த கால் இல்லை. அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிற நல்ல கால்தான்.

பந்தயக் குதிரைக்குக் கால் ஒடிந்தால் இங்கே துப்பாக்கிதான். நான் கட்டியதெல்லாம் சைதாப்பேட்டைப் பக்கத்து வண்டிக் குதிரைகள். பதினொன்றில் ஏழு பிழைத்தன. இதையும் மறைக்கவில்லை.

நான் வரலாமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். நீ வரச் சொல்லவில்லை என்று எழுதியிருப்பதால் கேட்கவில்லை.

பஞ்சநாதன் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். எந்த ஊர்? எத்தனை நாளாக இருக்கிறார்?

செம்பியிடம் நான் விசாரித்ததாகச் சொல். வலது காதில் சொல், இடது காது அவளுக்குக் கூச்சம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பிலோமின்ராஜ்


காரைக்கால்
22-6-1979

பிலோமின்ராஜ் அவர்களுக்கு,

சொன்னபடி செய்தாயிற்று. பதினான்காம் தேதி காலையில் கட்டினோம். குளம்பைப் பஞ்சநாதன் இழுத்தார், விரலை நான் வைத்தேன். படி தட்டியது. “இன்னங் கொஞ்சம், இன்னங் கொஞ்சம்” என்று நான் சொல்ல, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, ஒரு நேரத்தில் என் விரலுக்குக் கீழே அது அப்படியே அடங்கிவிட்டது. எனக்குக் கை மரத்துப்போய்விட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இனி என் குறை.

உங்கள் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன். காலுக்கு முப்பத்தாறு வரி. பஞ்சநாதனுக்கு இரண்டு வரி. குதிரையின் வலது காதுக்கு ஒன்றரை வரி. கடைசியில் எனக்கு அரை வரி, அதுவும் நம்புகிறேன் என்று. புண்ணாக்கு வாங்க வருகிற கோவில்பத்து ஆட்கள்கூட “எப்படி இருக்கீங்கக்கா?” என்று முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குகிறார்கள்.

புதிதாக ஒன்றும் இல்லை. 1969இல் எனக்கு டைபாய்டு வந்து இருபத்தோரு நாள் கிடந்தபோது அப்போது குட்டியாக இருந்த இந்தக் குதிரைக்கும் வயிற்று வலி. நீங்கள் கொட்டகையிலேயே கிடந்தீர்கள். கஞ்சி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தேறி எழுந்த பிறகுதான் கேட்டேன், “குதிரையா நானா, இப்பவே சொல்லுங்க” என்று. நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டுப் போனீர்கள். கேள்விக்கு அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

அது இருக்கட்டும். குதிரை சரியாகத் தின்பதில்லை. கொள்ளு மட்டும் தின்கிறது. நான்கு படி வைக்கிறேன், தீனிக் கடைக்காரி குதிரை மெலிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது. பின்னால் ஆள் வந்தால் உதறுகிறது. சாக்குத் தொட்டிலில் நிற்க அதற்குப் பிடிக்கவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி மாங்கனித் திருவிழா. தவிலும் வெடியும் எங்கள் ரோடு வரைக்கும் கேட்கும். அன்றைக்கு என்ன செய்வது?

பஞ்சநாதனைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனுஷர். சொன்ன நேரத்துக்கு வருவார். என்னிடம் முகம் கோணாமல் பேசுவார்.

சலோமி


கிண்டி, சென்னை
27-6-1979

அன்புள்ள சலோமிக்கு,

நீ நலமா? உடம்பு எப்படி இருக்கிறது? கடை எப்படி நடக்கிறது? சாப்பிடுகிறாயா? முதலிலேயே எழுதிவிட்டேன், எண்ணிக்கொள்.

கொள்ளை இன்றைக்கே நிறுத்து. ஒரு பிடிகூட வேண்டாம். வேலை செய்யாமல் நிற்கிற குதிரைக்குக் கொள்ளு கொடுத்தால் சூடு குளம்பில் இறங்கும். பச்சைப் புல், நனைத்த தவிடு கொஞ்சம், தண்ணீர். மெலியட்டும். மெலிந்தால் நல்ல காலுக்குப் பாரம் குறையும். உன் கடைக்கு வருகிற கெட்ட பெயரை நான் வாங்கிக்கொள்கிறேன்.

உதறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. தெரிந்த ஆளின் வியர்வை வாடை பக்கத்தில் இருந்தால் குதிரை அடங்கி நிற்கும். அவள் குட்டியாக இருந்தபோது வண்டிச் சத்தத்துக்கு மிரண்டால் என் துண்டை மூக்கில் வைப்பேன். ஒன்பது வருஷம் ஆனாலும் குதிரை வாடையை மறக்காது. நான் பத்து நாள் கட்டின தோள் துண்டைப் பார்சலில் அனுப்புகிறேன். அவள் முகத்துக்கு நேரே, கயிற்றில் போட்டுவிடு. துவைக்காதே. அழுக்காகத்தான் இருக்கும், முகம் சுளிக்காமல் அப்படியே போடு. திருவிழா அன்றைக்கு அதுதான் காப்பாற்றும்.

எலும்பு இப்போது பிஞ்சாகக் கூடிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் ஒரு உதறல் உதறினால் எல்லாம் வீண்.

பஞ்சநாதன் நல்ல மனுஷர் என்று எழுதியிருக்கிறாய். வயது எழுதவில்லை.

பிலோமின்ராஜ்


காரைக்கால்
11-7-1979

உங்களுக்கு,

கட்டு உடைந்துவிட்டது. நான்தான் காரணம். கலப்படம் செய்து விற்றுப் பழக்கம் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பார்சல் இரண்டாம் தேதி வந்தது. துண்டைப் பிரித்தேன். உங்கள் வாடை அடித்தது. எனக்கும் மறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு சாண் கிழிந்த இடத்தை நீல நூலால் தைத்திருந்தது. என்ன தையல் அது! ஒரே அளவு, ஒரே இடைவெளி, எறும்பு வரிசையாகப் போகிற மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெண் நிதானமாக உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடித்து, உங்கள் தோளில் கிடக்கிற துண்டை மடியில் போட்டுத் தைத்திருக்கிறாள். எனக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

வெந்நீர் வைத்து, சலவைச் சோடா போட்டு, மூன்று தண்ணீரில் அலசினேன். காய்ந்த பிறகு கொண்டுபோய்க் குதிரை முகத்துக்கு நேரே போட்டேன். குதிரை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீங்கள் துவைக்காதே என்று எழுதியது நினைவில் இல்லாமல் இல்லை. நினைவோடுதான் செய்தேன்.

ஒன்பதாம் தேதி சுவாமி ஊர்வலம். ஜனங்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைக்கிறார்கள், கீழே ஒரே கூச்சல். தவில் நெருங்கும்போதே குதிரை நடுங்கத் தொடங்கியது. முதல் வெடிக்கு எம்பியது. சங்கிலி ஆடி, உத்தரம் கிறீச்சிட்டு, கட்டின கால் தூணில் போய் மோதியது. முழங்காலுக்குக் கீழே கட்டு விரிந்துவிட்டது. பஞ்சநாதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “யக்கா, நீங்க தள்ளிப்போங்க, மிதிச்சிடும்” என்று கத்தினார். நான் போகவில்லை. என் முந்தானையால் அதன் கண்ணை மூடி, காதில் ஏதேதோ பேசினேன். எந்தக் காது என்று பார்க்க நேரம் இல்லை.

காலையில் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் இப்போது நம் பக்கம். “இவ்வளவு நாள் நின்னிருக்குன்னா விடக்கூடாதும்மா” என்று ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டே கொண்டுவந்தார். பிரித்துத் தடவிப் பார்த்தேன். முறிந்த இடத்தில் உருண்டையாகக் கூடியிருந்தது. அதன்மேல் ஒரு நெல் கனத்துக்குப் படி. மறுபடியும் இழுத்து, அது மறைந்த பிறகு புதிதாகக் கட்டினோம். பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குதிரையை நான் விற்காமல் வைத்திருந்ததற்குக் காரணம், அது இருக்கிறவரை அதைப் பார்க்கவாவது நீங்கள் ஒருநாள் வருவீர்கள் என்பதுதான். என்னைப் பார்க்க வருவீர்கள் என்று நான் கணக்குப் போட்டதே இல்லை. அதனால் அதன்மேல் எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். தீனி போடும்போதும் வயிற்றெரிச்சலோடுதான் போட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்தத் துண்டைத் தைத்தது யார்?

சலோமி


கிண்டி, சென்னை
16-7-1979

அன்புள்ள சலோமி,

துண்டைத் தைத்தது நான். லாயத்தில் குதிரைப் போர்வையும் சேணமும் தைக்கிற வேலை எனக்கு. ஆறு வருஷமாகத் தைக்கிறேன். கை அப்படிப் பழகிவிட்டது. நம்பாவிட்டால் பாயைக் கேள், அவர் பார்த்திருக்கிறார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நீ நிம்மதியாக இருப்பாய். ஆனால் நீ துண்டைத் துவைத்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறாய். நான் மட்டும் மறைத்தால் சரியில்லை.

அல்லி என்று ஒருத்தி இருந்தாள். லாயத்துக்குப் புல்லுக்கட்டுக் கொண்டுவருகிறவள். 1973இலிருந்து மூன்று வருஷம் என்னோடு இருந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள், “நீ மனுசங்களோட இருக்குற ஆளில்லய்யா. உனக்கு வாயில்லாதது ஒண்ணு இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் இல்லை. சாப்பாடு கடையில்தான்.

டைபாய்டைப் பற்றி எழுதியிருந்தாய். அப்போது டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, “பொழச்சிக்குவா” என்றார். குட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் “தேறாது” என்றார்கள். தேறாது என்கிற இடத்துக்கு என் கால் போய்விட்டது. உனக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மாவுக்கட்டை ஆறு வாரம் தொடாதே. நெல் கனப் படியை நீ கண்டுபிடித்தது பெரிய விஷயம். இங்கே இருக்கிற பெரிய டாக்டர்கள்கூடத் தவறவிடுவார்கள்.

பதில் எழுது.

பிலோமின்ராஜ்


தபால் கார்டு
காரைக்கால்
10-8-1979

பிலோமின்ராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டில் வாடை இல்லை. வலது குளம்பில் சூடு இல்லை. புல் தின்கிறது. இந்த மாதக் கடைசியில் டாக்டர் கட்டைப் பிரிக்கிறார். கால் கூடியிருந்தால் குதிரையை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். திருவாரூர்ப் பக்கம் ஆள் கேட்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

சலோமி


கிண்டி, சென்னை
14-8-1979

அன்புள்ள சலோமி,

ஊரே படிக்கிற கார்டில் எழுதினாய். நான் எழுதியதற்கு அது பதில் என்று புரிந்துகொண்டேன்.

திருவாரூர்க்காரருக்குக் கொடுக்காதே. கூடின காலைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே பாரம் ஏற்றுவார்கள். எனக்கு விலைக்குக் கொடு. நீ சொல்கிற விலை. பேரம் பேச மாட்டேன். பாயின் லாரி மரம் ஏற்ற வரும்போது திரும்புகாலில் அனுப்பிவிடு. உன் வாசலுக்கு வந்து உனக்குத் தொந்தரவு தர மாட்டேன்.

பஞ்சநாதன் விஷயத்தில் எனக்குக் கேட்க உரிமை இல்லை. ஆனாலும் இரண்டு மாதமாக அந்தப் பெயர் என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் காலையில் உன் வாசலில் வந்து நிற்கிற மனுஷன். நீ சொல்லச் சொல்ல இழுக்கிறவன். அவர் மேல் எனக்கு இருப்பதற்கு நீ வைத்த பெயர்தான் சரி. வயிற்றெரிச்சல்.

விலையை எழுது.

பிலோமின்ராஜ்


காரைக்கால்
3-9-1979

உங்களுக்கு,

முப்பதாம் தேதி கட்டைப் பிரித்தோம். கால் சூம்பிப்போய், ரோமம் உதிர்ந்து, பார்க்க நன்றாக இல்லை. தடவிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு முடிச்சு இருக்கிறது, படி இல்லை. கப்பியைத் தளர்த்தினோம். நான்கு காலில் நின்றது. முந்தாநாள் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவந்தோம். பதினொரு அடி நடந்தது. லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறது. இனி பாரம் இழுக்காது, குட்டி போடும் என்கிறார் டாக்டர். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற ஜனங்கள் ரோட்டிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்த வருஷம் நான் மாதா கோயிலுக்குப் போகவில்லை. குதிரையை யாரிடம் விட்டுப் போவது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலைக் கடிதத்தைப் படித்த பிறகு எடையை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நானும் புல்லுக்கட்டு விற்றுத்தான் மேலே வந்தவள். நீங்கள் என்னை முதலில் பார்த்தபோது என் தலையில் புல்லுக்கட்டுதான் இருந்தது. அங்கே போயும் புல்லுக்கட்டுக்காரியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆளை மாற்றினீர்கள், சரக்கை மாற்றவில்லை.

அந்த அல்லியை எனக்குப் பிடிக்கவில்லை. முகம் தெரியாவிட்டாலும் பிடிக்கவில்லை. ஆனால் உங்களைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. நான் சொல்ல வேண்டியதை எனக்கு முன்னால் சொல்லிவிட்டாளே என்று அதற்கும் ஒரு கோபம்.

பஞ்சநாதனுக்கு அறுபத்துமூன்று வயது. பேரன் பேத்தி ஐந்து. காதும் கொஞ்சம் மந்தம். அதனால்தான் நான் “இன்னங் கொஞ்சம்” என்று அத்தனை தடவை கத்தினேன். ஜூன் மாதமே இதை எழுதியிருக்கலாம். எழுத மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு நன்றாக இருந்தது.

குதிரை விற்பனைக்கு இல்லை. திருவாரூரிலிருந்து யாரும் கேட்கவும் இல்லை. கோபத்தில் எழுதினேன். குதிரைக்கு இனிமேல் தினமும் காலைப் பிடித்து நடத்திவிட ஆள் வேண்டும். பஞ்சநாதனுக்கு அது தெரியாது, எனக்குக் கடை இருக்கிறது. சம்பளத்துக்கு வருகிறீர்களா? மாதம் எண்பது ரூபாய். சாப்பாடும் படுக்கையும் வீட்டில். கொட்டகையில் இல்லை, வீட்டில். யோசித்து எழுதுங்கள்.

சலோமி


கிண்டி, சென்னை
8-9-1979

அன்புள்ள சலோமி,

யோசிக்க ஒன்றும் இல்லை. லாயத்தில் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி கணக்கு முடித்துக் கொடுப்பார்கள்.

மூன்று விஷயம் மட்டும் கேட்கிறேன். செம்பிக்கு இனி பாரம் வேண்டாம், வெறும் வண்டிகூட வேண்டாம். அவள் குட்டி போட்டால் அதில் எனக்கும் பாத்தியம் வேண்டும். முதல் பதினைந்து நாள் மட்டும் நான் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன், கட்டுப் பிரித்த புதிதில் பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது.

சம்பளம் வேண்டாம். சொந்த வீட்டில் சம்பளம் வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிலோமின்ராஜ்


காரைக்கால்
12-9-1979

அன்புள்ள உங்களுக்கு,

பேரம் பேச மாட்டேன் என்று எழுதிவிட்டு மூன்று பேரம் பேசியிருக்கிறீர்கள். நானும் கணக்கை முடித்துக்கொள்கிறேன். இதுதான் முடிவு. சம்மதமென்றால் இருபத்தொன்றாம் தேதி பஸ் ஏறுங்கள். சம்மதமில்லையென்றால் ஒரு கார்டு போதும்.

பாரம் வேண்டாம் என்றீர்கள். சரி. கடைக்கு வேறு குதிரை பார்த்துக்கொள்கிறேன், அதைப் பஞ்சநாதன் பார்த்துக்கொள்வார். அந்தப் புதுக் குதிரையின் கொட்டகைப் பக்கம் நீங்கள் போகக் கூடாது. ஒன்று போதும்.

குட்டி போட்டால் முதல் ஈத்து எனக்கு, இரண்டாவது ஈத்து உங்களுக்கு. மாட்டுக்கு ஊரில் எப்படியோ அப்படியே. என் குட்டியை நான் விற்பேன், கேட்கக் கூடாது.

சம்பளம் எண்பது ரூபாய், கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம் வாங்குகிற ஆளைத்தான் வேலைக்கு நேரத்தோடு வரச் சொல்லிக் கண்டிக்க முடியும். புருஷனைக் கண்டித்துப் பார்த்தாயிற்று.

கொட்டகையில் படுக்க ஒருநாள்கூட முடியாது. படுக்கை அறைச் சுவரில் கொட்டகைப் பக்கமாக ஒரு ஜன்னல் வைக்கக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். நாளைக்கு இடிக்கிறார். படுத்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அல்லி பேச்சை நான் எடுத்தால் எடுப்பேன், எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன். நீங்கள் எடுக்கக் கூடாது. நான் எடுக்கும்போது எழுந்து போகவும் கூடாது.

காலையில் கண் விழித்ததும் முதல் குரல் எனக்கு. காப்பி குடித்து, என்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம்தான் குதிரை. இந்த ஒன்றில் மட்டும் பேரம் இல்லை.

சலோமி